வில்லு வண்டியும் மொரிஸ் மைனரும்: எங்கட கார்களுக்கு அடியில் கிடக்கிற வரலாறு

அக்கரைப்பற்றில இருந்து சாகாமம் போற றோட்டில், வயல் தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னால எங்கட கூட்டாளி ஒருவனின் வீடு இருக்கிறது. அந்த வீட்டுத் தாவாரத்தில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கும். அவனுடைய மூத்தாப்பா வாங்கிய கார். நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. மூத்தாப்பா மௌத்தாகிப் பல வருசம் ஆகிவிட்டது. கார் இன்னும் ஓடுது.

கூட்டாளிக்கு நீண்ட நாள் ஆசை ஒன்று இருந்தது. காரை நாலு அங்குலம் இறக்கி, அகலச் சில்லுப் போட்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்க வேண்டும். யூடியூப்பில் நூறு வீடியோ பார்த்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நாங்க நாலு பேர் ஜெக்கும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கினோம். அவனுடைய சாச்சா, வயசு முழுக்கக் கராஜில் வேலை செய்து இப்போது ஓய்ந்திருப்பவர், கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முன் சில்லைத் தூக்கியதும், மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினோம். 'டொக், டொக்' என்று சத்தம் வந்தது.

"மனே, கார இறக்குற கதைய விடு. இது தானா இறங்கப் பாக்குது" என்றார் சாச்சா.

அன்று தொடங்கிய வேலை மூன்று கிழமை இழுத்தது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பேப்பரில் வரிசையாக வைத்தபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. காரின் அடியில் கிடக்கிற இரும்பும் றப்பரும் வெறும் சாமான் இல்லை. எங்கட ஊர் எப்படிப் பயணம் செய்தது, எது இறக்குமதியானது, எது நின்று போனது, எங்கட ஆக்கள் எதை எப்படிச் சமாளித்தார்கள் என்ற கதை எல்லாம் அதில் ஒட்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சஸ்பென்ஷன் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதில் மூன்று வேலைதான். வில், அதாவது ஸ்பிரிங், பாரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கும். வாங்கிய வில் திரும்பத் திரும்பத் துள்ளாமல் எண்ணெய் நிரப்பிய சொக் அப்சோபர் அடக்கும். இவை இரண்டையும் சில்லோடும் சட்டகத்தோடும் பிடித்து வைத்து, அசையவும் விடுவது புஷ்ஷும் மூட்டுகளும். மூன்றில் எது தேய்ந்தாலும் கார் ஓடும். அதுதான் ஆபத்து. எஞ்சின் பழுதானால் கார் நின்றுவிடும், உடனே தெரியும். சஸ்பென்ஷன் ஒவ்வொரு நாளும் துளி துளியாகத் தேயும். ஓட்டுகிறவர் தன்னை அறியாமலே அதற்குப் பழகிப் போவார்.

வில் யாருக்கு இருந்தது?

மைனரின் பின்பக்கத்தில் இருப்பது பட்டை வில். வளைந்த உருக்குத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. லொறியிலும் இதுதான், உழவு மெசினின் பெட்டியிலும் பல இடங்களில் இதுதான். காருக்காகக் கண்டுபிடித்ததில்லை இது. குதிரை வண்டிக் காலத்துச் சாமான். 1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேய வண்டித் தொழிலாளி முட்டை வடிவப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வண்டிகள் பாரம் குறைந்தவையாக வந்தன.

தமிழில் இதற்கு நல்ல பெயர் முன்பே இருக்கிறது: வில்லு வண்டி. எங்கட பக்கத்து நெல்லேற்றும் மாட்டு வண்டிக்கு வில் கிடையாது. அச்சின் மேல் நேராகப் பலகை. றோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். வில் வைத்த வண்டி வசதியானவர்களின் சாமான். குலுங்காமல் பயணம் செய்வதே ஒரு அந்தஸ்தாக இருந்தது.

இந்த அந்தஸ்து எவ்வளவு பெரிய விசயம் என்பதைக் கேரள வரலாற்றில் பார்க்கலாம். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லு வண்டியை வாங்கி, புலையர் சாதியினர் நடக்கவே கூடாது என்று தடுத்து வைத்திருந்த பொது வீதியில் அதை ஓட்டிப் போனார். தாக்குதல் வந்தது, அவர் பின்வாங்கவில்லை. இன்றைக்கு அதை 'வில்லுவண்டி யாத்திரை' என்று நினைவுகூர்கிறார்கள். நடக்கும் உரிமைக்கான போராட்டத்துக்கு அவர் நடந்து போகாமல் வில் வைத்த வண்டியில் ஏறிப் போனார் என்பதை யோசித்துப் பாருங்கள். வீதி மட்டும் இல்லை, அந்த வில்லும் எங்களுக்குரியதுதான் என்று சொன்ன மாதிரி இருந்தது அது.

எங்கட கரையோரத்தில் பட்டை வில்லுக்கு இரண்டாவது வாழ்வு ஒன்றும் உண்டு. உடைந்த லொறி வில்லைக் கொல்லர் வாங்கிப் போய்க் கத்தி அடிப்பார். லொறி வில்லில் அடித்த கத்தி என்றால் உம்மாமார் இரண்டாவது பேச்சுப் பேச மாட்டார்கள். அந்த உருக்கு கூர்மையை அவ்வளவு நாள் பிடித்து வைத்திருக்கும். காரில் சோர்ந்து போன வில் குசினியில் இன்னும் இருபது வருசம் உழைக்கும்.

றப்பர் மரமும் அரிசி மூட்டையும்

நாங்க கழற்றிய சாமான்களில் மிக மோசமாக இருந்தது இரும்பு இல்லை, றப்பர். புஷ் என்பது ஒரு இரும்புத் துளைக்குள் இருக்கும் றப்பர் உருளை. இரும்பும் இரும்பும் முட்டாமல் நடுவில் இருந்து எல்லா அடியையும் வாங்குவது அதுதான். எங்கட மைனரில் அவை கறுப்புக் கட்டியாகக் காய்ந்து, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தன. வெயில், வயது, கசிந்த எண்ணெய் மூன்றும் சேர்ந்து றப்பரைக் கொல்லும்.

இந்த றப்பருக்கும் இலங்கைக்கும் பழைய சம்பந்தம் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசிலில் இருந்து எழுபதாயிரம் அளவில் றப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் அளவில், அதே வருசம் இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டத் தொழில் இப்படித்தான் வேர்விட்டது. உலகம் காரில் ஏறத் தொடங்கியபோது டயருக்கும் புஷ்ஷுக்கும் தேவையான றப்பரை, விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய தோட்டத் தொழிலாளர்கள் தந்தார்கள். மலையகத் தமிழர்களின் உழைப்பு அதில் நிறைய உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் காரின் குஷன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

அதே றப்பர் எங்கட வயிற்றுக்கும் உதவியது. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் றப்பர்-அரிசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இங்கிருந்து றப்பர், அங்கிருந்து அரிசி. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருசம் நீடித்தது. நாட்டுக்கு அரிசி போதவில்லை என்பதுதான் அதன் பின்னால் இருந்த காரணம். இதே காலத்தில்தான் எங்கட மாவட்டத்தில் கல்லோயா திட்டம் வந்தது. 1949இல் தொடங்கி, மொறிசன்-நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. நெல்லுக்குத் தண்ணீர் தேக்க வந்த அந்த வேலையோடு பெரிய மண்வெட்டும் இயந்திரங்களும் லொறிகளும் இந்தப் பக்கம் வந்து இறங்கின. சாகாமம் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற எங்கட ஆக்களுக்கு இயந்திரம் என்பது பொழுதுபோக்காக அறிமுகமானதில்லை. நெல்லோடும் தண்ணீரோடும் சேர்ந்துதான் அது வந்தது.

வீட்டில் ரேசிங் கார் கட்டிய அகதிப் பொடியன்

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவருடைய கதை எங்களுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. 1906இல் உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். தகப்பன் கப்பல் எஞ்சின் வேலைத்தளம் வைத்திருந்தார். 1922இல் யுத்தம் அந்த நகரத்தை விழுங்கியபோது குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரித்தானியக் கப்பலில் மால்ட்டாவுக்கு ஓடியது. தகப்பன் இறந்து போக, தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். பொறியியல் படிக்கப் போன இசிகோனிஸ் கணிதப் பரீட்சையில் மூன்று முறை பெயிலானார்.

1930களில் அவரும் ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பரும் ஓய்வு நேரத்தில், வீட்டில், ஒரு சின்ன ரேசிங் காரைக் கட்டினார்கள். மின்கருவி எதுவும் இல்லை. அரம், வாள், துளைக்கும் கருவி எல்லாம் கையால்தான். பல வருசம் எடுத்தது. ஒட்டுப்பலகையில் அலுமினியத் தகடு ஒட்டிப் பக்கங்களைச் செய்தார்கள். பாரத்தைக் குறைப்பதுதான் முழு யோசனையும் என்பதால் அதற்கு 'லைட்வெயிட் ஸ்பெஷல்' என்று பெயர். சஸ்பென்ஷனுக்கு அவர்கள் பாவித்தது உருக்கு வில் இல்லை, றப்பர். வீட்டு முற்றத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சஸ்பென்ஷனைக் கையால் மாற்றிப் பார்க்கிற எல்லாப் பொடியன்மாருக்கும் இவர்தான் மூத்தவர் என்று சொல்லலாம்.

அந்த முற்றத்து வேலை வீணாகவில்லை. 1936இல் மொரிஸ் கம்பனியில் சேர்ந்த இசிகோனிஸ், ஜாக் டானியல்ஸ் என்ற வரைஞரோடு சேர்ந்து இரண்டு முன்சில்லும் தனித்தனியாக அசையும் ஒரு சஸ்பென்ஷனை வடிவமைத்தார். யுத்தத்தால் தாமதமாகி 1947இல் அது எம்.ஜி. வை-டைப் காரில் வந்தது. பிறகு அதன் வழியிலேயே டி.டி., டி.எஃப்., எம்.ஜி.ஏ. ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களும், 1962இல் வந்து 1980 வரை தயாரான எம்.ஜி.பி.யும் ஓடின. மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளியானது. அதில் முன்வில்லாக இருப்பது முறுக்குக் கம்பி. சுருளும் இல்லை, பட்டையும் இல்லை. காரின் நீளவாக்கில் கிடக்கும் நேரான உருக்குக் கம்பி ஒன்று முறுகி முறுகிப் பாரத்தைத் தாங்கும். 1959இல் அவர் செய்த மினியில் மறுபடியும் றப்பர்க் கூம்புகள் வந்தன. அவற்றை வடிவமைத்தவர் றப்பர்த் தொழில் குடும்பத்தில் பிறந்த அலெக்ஸ் மோல்டன்.

இதை எல்லாம் கூட்டாளிக்குச் சொன்னபோது அவன் முகம் மாறியது. அவன் ஸ்போர்ட்ஸ் காராக மாற்ற நினைத்த வாகனத்தின் முன்பக்கம் ஏற்கெனவே எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் உடன்பிறப்பு. இரண்டிலும் சொக் அப்சோபரின் கையே மேல் மூட்டாகவும் வேலை செய்யும். அதைப் பழையபடி சரியாக வைத்தாலே கார் வளைவில் றோட்டைப் பிடிக்கும். வில்லை வெட்டி இறக்கினால் பார்வைக்குத்தான் ஸ்போர்ட்ஸ். சில்லு அசைவதற்கு இருந்த இடம் குறைந்து, முதல் குழியிலேயே இரும்பில் முட்டும்.

கதவு பூட்டிக் கிடந்த வருசங்கள்

நம்பர் பிளேட்டில் இருக்கும் 'ஸ்ரீ' ஒரு திகதி முத்திரை மாதிரி. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. தமிழ்ப் பிரதேசங்களில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மொழிப் பிரச்சினை எங்கட நாட்டில் காரின் நெற்றியில் எழுதப்பட்ட வருசம் அது. மூத்தாப்பாவின் கார் அதற்குப் பிறகு பதிவானது.

கொஞ்ச வருசத்தில் இன்னொரு கதவு மூடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்த இறுக்கம் உச்சத்துக்குப் போனது. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் புஷ்ஷுக்கு யார் டொலர் கொடுப்பார்கள்? அப்போது நாட்டில் இருந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பியூஜோ எல்லாம் என்றைக்குமாக ஓட வேண்டிய நிலை. உலகத்தில் மற்ற நாடுகளில் பத்து வருசத்தில் இரும்புக் கடைக்குப் போன கார்கள் இங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போயின.

சாச்சா தொழில் பழகியது இந்தக் காலத்தில்தான். "அப்ப சாமான் இல்ல மனே. கைதான் இரிக்கி" என்பார். பழைய டயரை வெட்டிப் புஷ் செய்தார்கள். லேத்தில் பித்தளை கடைந்து மூட்டுக்குப் போட்டார்கள். தொய்ந்த பட்டை வில்லைக் கழற்றிக் கொல்லரிடம் கொடுத்து வளைவு ஏற்றினார்கள். எஞ்சின் செத்தால் பிறகு ஜப்பான் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். நிசான் எஞ்சின் போட்ட மைனர் இன்றைக்கும் தெருவில் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தை, ஒரு காரின் எந்தத் துண்டும் கிடைக்கும் இடமாகப் பெயர் எடுத்தது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்கள் வந்து இறங்கின. 'பாஸ், ஒட்டித் தாங்க' என்று சொன்ன வாய், 'பாஸ், மாத்தித் தாங்க' என்று சொல்லப் பழகியது. ஆனால் பூட்டிய காலத்தில் வளர்ந்த கைகள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து மைனர் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றை இங்கே தொடங்கினார். இங்கே செய்த பாகங்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. காரைச் செய்த நாடு 1971இல் அதன் தயாரிப்பை முற்றாக நிறுத்திவிட்டது. அதைத் தூக்கி எறிய வழியில்லாமல் வைத்திருந்த நாடு அதற்கே சாமான் அனுப்பியது.

கதவு மறுபடியும் மூடும் என்று எங்கட தலைமுறை நினைக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வங்குரோத்தானது. பெற்றோல் வரிசை, கியூஆர் கோட், சைக்கிளில் கெம்பஸ் போன நாட்கள் எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் ஐந்து வருசம் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. தாவாரத்தில் தூசு படிந்து நின்ற மைனர் திடீரென்று வீட்டின் சொத்தானது. கூட்டாளி அதைத் தொடத் தொடங்கியதும் அப்போதுதான்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

இந்த இடத்தில் ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்துப் பாஸ்மார் எதையும் திருத்துவாங்க' என்று பெருமையாகப் பேசுவது எங்களுக்கும் பிடிக்கும். இந்தக் கட்டுரையையும் அந்தப் பெருமையில் முடித்திருக்கலாம். சாச்சா விடவில்லை.

மைனரின் முன்சில்லைத் தாங்குவது மரையுள்ள ஒரு செங்குத்து ஊசி. அது மேலும் கீழும் இரண்டு மரைக் கட்டைகளுக்குள் திரும்பும். அந்தக் கட்டைக்குப் பெயர் ட்ரனியன். அதற்குக் கிறீஸ் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்பது பழைய கணக்கு. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும். மரை தேய்ந்து முடிந்தால் ஒருநாள் ஊசி கட்டையை விட்டு வெளியே வந்து, சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். உலகம் முழுக்க மைனர்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

எங்கட காரின் இடது கீழ்க் கட்டையைக் கழற்றினோம். மரை இருந்த இடத்தில் வெளுத்த வழுவழுப்புத்தான் இருந்தது. உள்ளே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று சுற்றி அடைக்கப்பட்டிருந்தது. சாமான் இல்லாத காலத்தில் யாரோ ஆட்டத்தை நிறுத்த வைத்த தகடு. சத்தம் நின்றிருக்கும்; தேய்வு நின்றிருக்காது. சாச்சா அதைக் கையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"இப்பிடி நானும் வெச்சிரிக்கன்" என்றார். "வேற வழி இல்லாம. ஒவ்வொண்டும் வெச்சி அனுப்பக்குள்ள பயம்தான். மறுகா அந்தக் கார் திரும்பி வாற வரைக்கும் பயம்."

நாங்க யாரும் பேசவில்லை. அந்தக் காரில்தான் கூட்டாளியின் உம்மாவும் தங்கச்சிமாரும் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் போய் வந்திருக்கிறார்கள். ஏ4 வீதி இப்போது காபட் போட்டது. பழைய குண்டுக்குழி றோட்டில் மெதுவாகத்தான் ஓட முடியும், தேய்வும் சத்தமாகத் தெரியும். காபட் றோட்டில் சத்தம் கேட்காது, வேகம் கூடும். தேய்ந்த ட்ரனியனுக்கு அது நல்ல சேர்க்கை இல்லை.

அன்று சாச்சா சொன்ன பிரிப்பு எங்களுக்குப் பாடமானது. சொகுசுக்கான சாமானை ஒட்டலாம், பொறுத்துக்கொள்ளலாம். உயிரைப் பிடித்திருக்கும் சாமானை மாற்றத்தான் வேண்டும். பட்டை வில் கொஞ்சம் தொய்ந்தால் கார் பின்னால் குந்தி ஓடும், அவ்வளவுதான். ட்ரனியன், ஊசி, ஸ்டியரிங் மூட்டு, பிரேக் ஆகியவற்றில் சமாளிப்பு கிடையாது. கட்டைகளையும் ஊசியையும் கொழும்பில் இருந்து வரவழைத்தோம். அதுவரை கார் கட்டையில் நின்றது.

வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக, நாங்க பழகியதில் சிலதைச் சொல்கிறோம். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். புளொக் கல் பாரத்தில் சட்டென்று வெடிக்கும். இரும்பு ஸ்டாண்ட் அல்லது தடித்த மரக்குத்திதான் வேண்டும். முறுக்குக் கம்பி எப்போதும் முறுகியே இருக்கிறது. கீழ்க் கைக்கு அடியில் ஜெக்கைக் கொடுத்து, மேல் மூட்டைக் கழற்றி, ஜெக்கை மெல்ல மெல்ல இறக்கி அந்த முறுக்கை விடுவித்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கை போகும். இடது கம்பியை வலதில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்குப் பழகியது. பட்டை வில்லைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அதன் பதம் போய்விடும், சில மாதத்தில் திரும்பவும் தொய்யும்.

றப்பர்ப் புஷ்ஷில் எங்களுக்கே ஒரு பிழை நடந்தது. சில்லு தொங்கிக்கொண்டு இருக்கும்போதே நட்டு எல்லாவற்றையும் இறுக்கி முடித்துவிட்டோம். சாச்சா தலையில் கை வைத்தார். அப்படி இறுக்கினால், காரை இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும். எல்லாவற்றையும் தளர்த்தி, காரைத் தன் சொந்தப் பாரத்தில் நிலத்தில் நிறுத்தி, மறுபடி இறுக்கினோம். அரை நாள் வேலை கூடியது.

சொக் அப்சோபருக்கு அதற்குரிய எண்ணெய் வேண்டும். தடித்த எண்ணெயை ஊற்றினால் கொஞ்ச நாள் இறுக்கமாகத் தெரியும், பிறகு சீல்தான் போகும். நாங்க இரண்டு பின் அப்சோபர்களைப் பிரித்து சீல் மாற்றினோம். முன்னால் இருந்த ஒன்றைச் சாச்சா தொடவே விடவில்லை. "இதுக்கு லேத் ஆள் வேணும், ஒங்களால ஏலாது" என்றார். வீட்டில் செய்வது என்றால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது இல்லை என்பதும் அன்றைக்கு விளங்கியது.

சாகாமம் குளக்கட்டு வரை

மூன்றாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுத்தோம். முன்சீட்டில் சாச்சா, பின்னால் நாங்க மூன்று பேர், ஓட்டியது கூட்டாளி. குளக்கட்டு வரை போய் வந்தோம். கார் பறக்கவில்லை, ஸ்போர்ட்ஸ் காராகவும் மாறவில்லை. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கம் தாமதமில்லாமல் திரும்பியது. மதகுப் பக்கத்துக் குழியில் ஒரு தடவை அமுங்கி எழுந்தது, இரண்டாம் தடவை துள்ளவில்லை. சாச்சா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கியதும் அவர் கேட்டது ஒரு கொப்பி. அதில் அன்றைய திகதியையும் மைலையும் எழுதி, 'கிறீஸ்' என்று கீழே போட்டார். அடுத்த வரியில் ஆயிரம் மைலைக் கூட்டி எழுதினார். அதைக் காருக்குள் வைக்கச் சொன்னார்.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் இதை எழுத நினைத்தோம். அரச பத்திரங்களில் இறக்குமதித் தடையின் திகதி இருக்கும். கல்லோயா அணையின் அளவு இருக்கும். ஆனால் தடை இருந்த வருசங்களில் மருதமுனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில், அக்கரைப்பற்றில் ஒரு காரை எப்படி ஓட வைத்தார்கள், எந்த இடத்தில் பயந்து பயந்து பித்தளைத் தகடு வைத்தார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அது சாச்சாமாரின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. உங்கட ஊரிலும் ஒரு பழைய கராஜும், வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பாஸும் இருப்பார். போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள். எதை எப்படித் திருத்தினீர்கள் என்று மட்டும் கேட்காமல், எதைத் திருத்தி அனுப்பியபோது பயந்தீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்தப் பித்தளைத் தகடு இப்போது எங்களிடம் இருக்கிறது. கூட்டாளி அதை எறிய விடவில்லை. காரின் கண்ணாடிக்குக் கீழே, கிறீஸ் கொப்பிக்குள் வைத்திருக்கிறான்.